புரூனோ தின்ற மூடாக்கு

ஒரு தேங்காய் மட்டையை முழுசாகப் பிரித்துப்போட எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆகும். கடிகாரம் வைத்தே பார்த்திருக்கிறேன். முதலில் முன்னங்கால் ரெண்டையும் மட்டைமேல் போட்டு அமுக்கிக்கொள்வான். பிறகு கடைவாய்ப் பல்லால் தோலைக் கிழிப்பான். உள்ளே நார், எங்கள் பேச்சில் மஞ்சி, தெரிந்ததும் அவன் முகத்தில் ஒரு கவனம் வரும் பாருங்கள், அதில் பாதியை என் மகன் கணக்குப் பாடத்தில் காட்டியிருந்தால்... சரி, அந்தக் கதை இங்கே எதற்கு.

பேர் புரூனோ. இந்தப் பக்கம் லாப்ரடாருக்கு வேறு பேர் வைக்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இருக்கிறதோ என்னவோ, எங்கள் தெருவில் மட்டும் மூணு புரூனோ. என் மாமியார் அவனை "புருணு சாமி" என்பார். அவன் செருப்பைத் தின்ற நாட்களில் "சாமி" போய்விடும்.

வீடு பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடுவில். சுற்றிலும் தென்னை. மட்டைக்கும் மஞ்சிக்கும் இங்கே பஞ்சமே கிடையாது, மஞ்சி மில் வாசலில் குன்று குன்றாகக் கிடக்கும். வீட்டு வாசலில் கொஞ்சம் ரோஜா, பக்கத்தில் கத்தரி, தக்காளி, ரெண்டு வாழை. இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். வெறும் மண் வெயிலில் கிடந்தால் ஏதோ குழந்தை சட்டையில்லாமல் நிற்கிற மாதிரி மனசு அடித்துக்கொள்ளும். மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும், களை அடங்கும், மட்கி மண்ணோடு மண்ணாகும். தென்னைக்கு வேளாண் பல்கலைக்கழகம் ஒரு கணக்கே சொல்கிறது: மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி, அதில் 100 மட்டை, முதுகு மேலே தெரியும்படி கவிழ்த்து. அதையே நான் சின்ன அளவில் ரோஜாவுக்கும் கத்தரிக்கும் செய்தேன். அழகாக அடுக்கிவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே போய் வருவதற்குள் அடுக்கில் நாலு குறைந்திருக்கும்.

வேப்பெண்ணெய் தெளித்துப் பார்த்தேன். ஒரு தடவை நக்கினான், தும்மினான், அப்புறம் தின்றான். மிளகாய்த்தூள் போடச் சொன்னார்கள். அதையும் ஒரே ஒரு நாள் செய்தேன். அவன் மூக்கைக் காலால் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னும் பதில் சொல்ல முடியவில்லை. யாரும் செய்யாதீர்கள். கண்ணில் பட்டால் பெரிய வேதனை, அதோடு அது எதையும் கற்றுக்கொடுப்பதும் இல்லை.

அப்போது அவனுக்கு அஞ்சு மாசம். பால்பல் 28-ம் விழுந்து, 42 பல் முளைக்கிற நேரம். நாலாம் மாசத்தில் ஆரம்பித்து ஆறு ஏழு மாசம் வரை ஈறு முழுக்கக் குடைச்சல்தான். அந்த வயசில் குட்டி எதைக் கடித்தாலும் "பழக்கம் கெட்டுப்போச்சு" என்று தீர்ப்பு எழுதக் கூடாது. ஈரத்துணியை முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் போதும், பாதி ரோஜா பிழைக்கும். ஆனால் எங்கள் ஆளுக்குப் பல் எல்லாம் முளைத்து, வயசு ரெண்டு ஆகியும் மட்டை மோகம் போகவில்லை.

தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "கடிக்கிறானுங்களா, முழுங்கறானுங்களா?"

யோசித்ததே இல்லை. ரெண்டும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது. அவர் சொன்ன வழி எளிமையானது. கடித்து முடித்ததும் துணுக்குகளையெல்லாம் பொறுக்கி, பழையபடி மட்டையாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்ந்தால் விளையாட்டு. எங்கோ குறைந்தால், குறைந்தது வயிற்றில். அன்றிலிருந்து கொஞ்ச நாள் நான் வாசல்படியில் உட்கார்ந்து மட்டைத் துணுக்குகளைக் கோலப்புள்ளி மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தேன். போகிற வருகிறவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. பத்துக்கு எட்டுத் தடவை கணக்கு சரியாக இருந்தது. மீதி ரெண்டு தடவை, மறுநாள் காலை பின்பக்கம் குச்சியோடு போய்ப் பார்த்துக் கணக்கை முடித்தேன். நாய் வளர்ப்பவர்களுக்கு அருவருப்பு என்று ஒன்று மிச்சம் இருக்கக் கூடாது.

மஞ்சியில் டாக்டருக்குப் பயம் நீளத்தில்தான். மஞ்சி, நூல், கயிறு, கேசட் நாடா, சேலைக் கரை என்று நீளமாக இருக்கிற எதுவுமே குடலுக்கு ஆகாது. ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பை முடியும் இடத்திலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனையைக் குடல் தள்ளிக்கொண்டே போகும். நாடாவை இழுக்க இழுக்கப் பாவாடைத் துணி சுருங்கி வருகிற மாதிரி குடல் நாடாமேல் ஏறிச் சுருங்கிவிடும். இன்னும் இறுகினால் அறுத்தே விடும். பின்பக்கம் நூல் தொங்குவதைப் பார்த்தால் கை தானாக இழுக்கப் போகும். இழுக்கவே கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

இன்னொரு தொல்லை, எக்ஸ்ரேயில் இதெல்லாம் சரியாகத் தெரியாது. எலும்பும் கல்லும் ஆணியும் பளிச்சென்று தெரியும். மட்டை, துணி, மரத்துண்டு எல்லாம் ஏமாற்றிவிடும். குடலில் வாயு எங்கே தேங்கி நிற்கிறது என்பதை வைத்தும், ஸ்கேன் பண்ணியும்தான் பிடிப்பார்களாம். "மே, ஜூன் எனக்கு மாங்கொட்டை மாசமுங்க" என்றார் டாக்டர். கொட்டை வழுக்கிக்கொண்டு தொண்டை தாண்டிவிடும், இரைப்பையில் ஓரிரு நாள் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கும், சிறுகுடலுக்குள் நுழைந்ததும் கார்க் அடைத்த மாதிரி நின்றுவிடும். சாப்பிட்டதெல்லாம் வாந்தி, குடித்த தண்ணீரும் வாந்தி என்றால் அங்கே காத்திருக்க ஒன்றும் இல்லை. வயிற்றைத் திறக்க வேண்டியதுதான்.

நார்க்கழிவுக் கட்டியையும் சொல்லிவிடுகிறேன், மாடித்தோட்டக்காரர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அஞ்சு கிலோ கட்டி ஒன்று தண்ணீர் குடித்தால் ஒரு டிரம் நிறையும். காய்ந்த கட்டியை நாய் தின்றுவிட்டு மேலே தண்ணீர் குடித்தால் அது ஊறுகிற இடம் எது என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் ஊறவைத்த பிறகுதான் வெளியே எடுக்கிறேன்.

இப்படி மட்டைக்கும் மஞ்சிக்கும் ரெண்டு வருஷம் பயந்து பயந்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தவள்தான் நான். பிறகு ஒரு நாள் என் கையாலேயே விஷத்தைக் கொண்டுவந்து ரோஜாவுக்கு அடியில் கொட்டினேன்.

எங்கள் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ போடுவது பல வருஷமாக உண்டு. என் தோழி ஒருத்தி தோப்பில் விளையும் கோகோவை வைத்து வீட்டிலேயே சாக்லேட் செய்கிறாள். பழத்துக்குள் இருக்கும் கொட்டையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து, உடைத்து, புடைக்க வேண்டும். முறத்தில் உளுந்து புடைக்கிற வேலைதான். உள்ளே இருக்கும் பருப்பு அவளுக்கு. பறக்கிற மேல்தோல் குப்பைக்கு. பத்துக் கிலோ கொட்டைக்கு ஒரு கிலோவுக்கு மேல் தோல் சேரும். "அக்கா, சும்மா வீணாப் போகுது. உங்க ரோஜாவுக்குப் போடுங்க, நல்லா மக்கும்" என்று ஒரு சாக்குக் கொடுத்தாள். அவள்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மூடாக்குக்கு அது அருமையான பொருள். வெளிநாட்டில் பை பையாகக் கட்டிக் கடையில் விற்கிறார்கள். கருஞ்சிவப்பாக, கனமில்லாமல், பார்க்க அத்தனை லட்சணம்.

மார்கழி மாசம், சனிக்கிழமை சாயங்காலம். நாலு பாத்தியிலும் மூணு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினேன். கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் வாசல் முழுக்கப் பிறந்தநாள் கேக் வாசனை. "ஆஹா" என்று ரெண்டு தடவை மூக்கை இழுத்தேன். எனக்கே கேக் மாதிரி மணக்கிற ஒன்று அவனுக்கு எப்படி மணக்கும் என்ற எண்ணம் அந்த நேரத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாய்க்குச் சாக்லேட் ஆகாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும், தீபாவளிக்கு வரும் டப்பாவை அலமாரி உச்சியில்தான் வைப்பேன். ஆனால் மூளையில் சாக்லேட் ஒரு அறையிலும் உரம் இன்னொரு அறையிலும் இருந்தது. நடுவில் கதவு இல்லை.

ஆறரை மணிக்கு வீடு அமைதியாக இருந்தது. லாப்ரடார் உள்ள வீட்டில் அமைதி வந்தால் எழுந்து போய்ப் பார்த்துவிட வேண்டும். போய்ப் பார்த்தேன். ஒரு பாத்தியில் பாதி மண் தெரிந்தது. அவன் மூக்கில் பொடி. வாலை ஆட்டினான். "அடப் போடா" என்று விரட்டிவிட்டு உள்ளே வந்து தோசை ஊற்றினேன். இதைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்துப் புழுங்குகிறேன்.

எட்டரைக்கு அவன் தண்ணீர்ச் சட்டியைக் காலி செய்தான். மறுபடி ஊற்றினேன், அதையும் காலி செய்தான். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தான். மூச்சிரைத்தது, மார்கழிக் குளிரில் எதற்கு இரைக்கிறது? காதை மார்பில் வைத்தேன். உள்ளே தவில் தனி ஆவர்த்தனம். அப்போது வாந்தி எடுத்தான். தரையில் கிடந்த பழுப்பையும் அதன் வாசனையையும் பார்த்ததும்தான் அந்தக் கதவு திறந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சத்தம் கேட்டு வந்துவிட்டார். "கல்லுப்பக் கரைச்சு வாயில ஊத்துங்கம்மிணி, எல்லாத்தையும் கக்கிப்போடும்." நல்ல மனுஷர், காலங்காலமாக அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்கள். நானும் உப்பு ஜாடியைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, அதற்குள் டாக்டர் போனை எடுத்தார். "உப்பு ஊத்திப்போடாதீங்க. வாந்தி வராமப் போச்சுன்னா அந்த உப்பு அத்தனையும் ரத்தத்துல ஏறும், மூளைக்குப் போனா வலிப்பு வரும். ஒரு விஷத்துக்கு ரெண்டு விஷமாயிரும். அப்படியே வண்டியில போடுங்க. அந்தத் தோல்ல ஒரு பை எடுத்துட்டு வாங்க." பெரியவர் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் வண்டியில் அவனைத் தூக்கிப் போட்டது அவர்தான்.

போய்ச் சேர்ந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி கோகோவைப் பற்றி இல்லை. "தோட்டத்துல புண்ணாக்கு ஏதாவது போட்டீங்களா? ஆமணக்குப் புண்ணாக்கு?" இல்லை என்றேன். ஏன் கேட்கிறார் என்று அப்போது விளங்கவில்லை.

கோகோவில் தியோப்ரோமின் என்று ஒரு பொருள் இருக்கிறது, காப்பியில் இருக்கும் கஃபீனுக்குப் பங்காளி. நம் உடம்பு அதை வேகமாகக் கரைத்துத் தள்ளிவிடும். நாயின் உடம்புக்கு அந்த வேகம் கிடையாது. உள்ளே போனதில் பாதி குறையவே ஏறக்குறைய பதினேழரை மணி நேரம். கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பேதி, தவிப்பு. 40, 50 ஆனால் இதயம் தாளம் தப்பும். 60-ல் வலிப்பு. டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார். புரூனோவின் எடை 28 கிலோ. ஆக முதல் படிக்கு 560 மில்லிகிராம். கோகோத் தோலில் தியோப்ரோமின் ஒரே அளவாக இருக்காது; ஒரு சதவீதத்துக்குக் கீழேயும் உண்டு, மூன்றை ஒட்டியும் உண்டு. ஒரு சதவீதம் என்றே வைத்தாலும் 56 கிராம் தோல் போதும். மறுநாள் அடுக்களைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், காற்று மாதிரி இருக்கிற அந்தத் தோல் நாலைந்து கைப்பிடிக்கே அந்த எடை வந்துவிட்டது. அவன் காலி செய்தது அரைப் பாத்தி. மண்ணோடு கலைத்தது எவ்வளவு, தின்றது எவ்வளவு என்று கடைசிவரை தெரியவில்லை.

ஊசி போட்டார். சில நிமிஷத்தில் வாந்தி வர ஆரம்பித்தது. ஒரு தட்டு, ரெண்டு தட்டு, மூணாவது தட்டு. பிறகு கரித்தூள் கரைசல், மீதி விஷத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ளாமல் பிடித்துவைக்க. பிறகு டிரிப். நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்தால் நாடி நிமிஷத்துக்கு 190. அதற்கும் ஒரு ஊசி. பதினொன்றரை மணி சுமாருக்கு 140-க்கு வந்ததும், "இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கலாம். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிப் போங்க, ஆனா ஒரு வேலை இருக்கு" என்றார்.

அந்த வேலைதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். தியோப்ரோமின் சிறுநீரில் வெளியேறும். ஆனால் மூத்திரப்பையில் தேங்கி நின்றால் அங்கிருந்தே மறுபடி ரத்தத்துக்குள் ஊறிவிடுமாம். வெளியே போகக் கிளம்பிய விருந்தாளி வாசலில் செருப்பு மாட்டும்போது மனசு மாறித் திரும்ப உள்ளே வந்து உட்காருகிற மாதிரி. அதனால் பை நிறையவே விடக் கூடாது, மணிக்கு ஒரு தடவை வெளியே கூட்டிப் போக வேண்டும். விடிய விடிய நானும் வீட்டுக்காரரும் முறை போட்டோம். ரெண்டரை மணிக்கு நான், மூன்றரைக்கு அவர், நாலரைக்கு நான். தென்னைக்கு நடுவே பனி, கையில் டார்ச், தலையில் மப்ளர். மார்கழி என்பதால் கோயில் ரேடியோ நாலரைக்கே ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு மரத்தடியிலும் அவன் முகர்ந்து முகர்ந்து நின்று, யோசித்து, கடைசியில் காலைத் தூக்கும்போது, என் வாழ்க்கையில் எந்த நல்ல சேதிக்கும் அப்படிப் பெருமூச்சு விட்டதில்லை. ஞாயிறு சாயங்காலம் எழுந்து வந்து மட்டை ஒன்றைக் கவ்விக்கொண்டு படுத்தான். "தின்னுடா" என்றேன்.

திங்கட்கிழமை காலை மோட்டார் ரூமைக் கூட்டினேன். அவன் படுக்கிற சாக்குக்கு மேலேயே, எட்டு மாசமாக, வாய் திறந்த ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. ரோஜா உரம். முன்பக்கம் பெரிய எழுத்தில் இயற்கை என்று போட்டிருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில்: எலும்புத்தூள், வேப்பம்புண்ணாக்கு, ஆமணக்குப் புண்ணாக்கு. டாக்டரிடம் நான் இல்லை என்று சொன்னது பொய் இல்லை, அறியாமை. எனக்குக் கால் நடுங்கிவிட்டது.

அன்றைக்கு அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கொட்டமுத்தில், அதாவது ஆமணக்கு விதையில், ரிசின் என்று ஒரு நஞ்சு இருக்கிறது. உயிரணு புரதம் செய்வதையே நிறுத்திவிடும் ரகம். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் கொட்டமுத்தை ஆட்டும்போது விளக்கெண்ணெய் சுத்தமாக வந்துவிடும், நஞ்சு முழுக்கப் புண்ணாக்கில் தங்கிவிடும். நன்றாகச் சூடுபடுத்தினால் ரிசின் செத்துவிடும். சூடு சரியாகப் பிடிக்காத சரக்கில் அப்படியே இருக்கும். எந்தச் சரக்கு எப்படி என்று பையைப் பார்த்து நமக்குத் தெரியாது. கடலைப் புண்ணாக்கையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் மாடு சப்புக்கொட்டித் தின்பதைப் பார்த்தே பழகிய நமக்கு, புண்ணாக்கு என்றால் தீனி. ஆமணக்குப் புண்ணாக்கு செடிக்கு மட்டும்தான். அதில் எலும்புத்தூளைக் கலந்தால் நாய்க்கு அது எலும்புக் குழம்பு ஊற்றிய விஷம்.

"அதுல கொடுமை என்னன்னா, தின்ன உடனே ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் டாக்டர். பல மணி நேரம் நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி சாப்பிட்டுத் தூங்கியும் போகும். விடிந்த பிறகு வாந்தி, ரத்தபேதி. அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. டிரிப் போட்டுத் தாங்கிப் பிடிப்பதுதான். ஜனங்கள் தின்றதை மறந்துவிட்டு, "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க" என்று தூக்கிக்கொண்டு வருவார்களாம். அதனால்தான் அவர் எந்த வாந்தி நாய் வந்தாலும் முதலில் புண்ணாக்கைக் கேட்பது.

கம்போஸ்ட் குழியையும் அன்றைக்கே கம்பி வலை போட்டு மூடினேன். பூசணம் பிடித்த சோறும் ரொட்டியும் கிடக்கிற குழியில் சில பூஞ்சைகள் நரம்பைத் தாக்கும் நஞ்சு விடும். தின்ற நாய் உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கும். அரளிச் செடி வாசலில் இருந்தது, அதை மாமியார் பூஜைக்கு வேண்டும் என்றதால் மதிலுக்கு வெளியே மாற்றினோம். நத்தை மருந்து, எலி மருந்து எல்லாம் பூட்டுக்குள்.

இதெல்லாம் முடிந்து ஒரு வருஷம் கழித்து, அவன் மண் தின்ன ஆரம்பித்தான்.

மட்டையைத் தொடவில்லை. சும்மா மண். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தை நின்று நிதானமாக நக்குவான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "திருந்திட்டான்டா, மட்டைய விட்டுட்டான்." என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ரெண்டு நாள் பார்த்துவிட்டு, "கண்ணு, நீ சின்னப் பிள்ளையில சாம்பலு தின்னப்போ ரத்தமில்லைன்னுதான் டாக்டரு சொன்னாரு. இவன் வாயத் திறந்து பாரு" என்றார்.

ஈறு வெளிறிக் கிடந்தது. நல்ல நாயின் ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெள்ளையான இடத்தில் ரெண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். இவனுக்குத் திரும்ப ஏதும் இல்லாத மாதிரி இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் உண்ணிக் காய்ச்சல். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் நான் வாரம் ஒரு தடவை பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்ட அந்த உண்ணிகள்தான் கொடுத்துவிட்டுப் போனது. எர்லிக்கியா என்றார்கள். 28 நாள் டாக்சிசைக்ளின். மூணாவது வாரம் மண்ணை மறந்தான், நாலாவது வாரம் மட்டைக்குத் திரும்பினான். மட்டையைக் கடிக்கிற சத்தம் கேட்டு நான் சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

உணவல்லாததைத் தின்னும் இந்தக் கோளாறுக்கு மருத்துவத்தில் பைகா என்று பேர். லத்தீனில் பைகா என்றால் மாக்பை பறவை. காக்கைக்குச் சொந்தம், கண்டதையும் கவ்வும் என்று பேர் வாங்கியது. பேர் வேடிக்கை, காரணங்கள் வேடிக்கை இல்லை. ரத்தசோகை, குடல்புழு, கணையம் சரியாகச் சுரக்காமல் எவ்வளவு தின்றாலும் ஒட்டாமல் போவது, குடல் அழற்சி என்று பட்டியல் நீளும். அதனால் நன்றாக வளர்ந்த நாய் ஒன்று திடீரென்று புதிதாக எதையாவது தின்ன ஆரம்பித்தால், நான் இப்போது முதலில் திட்டுவதில்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறேன்.

லாப்ரடார் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, இதைப் படித்த பிறகு அவன்மேல் எனக்குக் கோபமே போய்விட்டது. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது: லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியை அடக்கும் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது. 2024-ல் அதே குழு இன்னொரு சோதனை செய்தது. காலைச் சாப்பாடு முடிந்து மூணு மணி நேரம் ஆன நாய்களுக்கு முன்னால் ஓட்டை போட்ட டப்பாவில் சாஸேஜ் ஒன்றை அடைத்து வைத்தார்கள். பார்க்கலாம், மோப்பம் பிடிக்கலாம், தின்ன முடியாது. மரபணுவில் துண்டு விட்டுப்போன நாய்கள் மற்றவற்றைவிட விடாமல் டப்பாவோடு போராடின. சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அவற்றுக்குச் சீக்கிரம் பசிக்கிறது. போதாக்குறைக்கு, சும்மா இருக்கும்போது அவை செலவழிக்கும் சக்தியும் நாலில் ஒரு பங்கு குறைவு. கூடப் பசி, குறைந்த செலவு. நாம் தட்டை எடுத்துவிட்டு "இப்பத்தானே தின்னே" என்று திட்டுகிறோம். புரூனோவுக்கு அந்த மரபணுக் குறை இருக்கிறதா என்று சோதித்ததில்லை. சோதிக்காமலே மாமியார் இருக்கிறது என்கிறார்.

இப்போது தோட்டத்தில் பெரும்பாலும் உயிர் மூடாக்குதான். ரோஜாவுக்கும் கத்தரிக்கும் நடுவே தட்டைப்பயறு விதைத்துப் படரவிட்டிருக்கிறேன். மண்ணை மூடுகிறது, தழைச்சத்தும் சேர்க்கிறது, பிஞ்சை அவன் தின்றாலும் ஒன்றும் ஆவதில்லை. காலியான இடத்தில் தென்னோலையை முழ நீளத்துக்கு வெட்டிப் பரப்பி, மேலே கோழிவலையை இழுத்துக் கட்டியிருக்கிறேன். கூழாங்கல் போடச் சொன்னவர்கள் உண்டு. கல்லை முழுங்கும் லாப்ரடாரை அவர்கள் பார்த்ததில்லை.

மட்டையை முழுசாகப் பிடுங்கவில்லை. நாளைக்கு ஒன்று, என் கண்முன்னால், முடிந்ததும் துணுக்கெல்லாம் கூட்டி அடுப்புக்கு. கடிப்பது அவன் தொழில், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. காலையில் அரை மணி நடை கூட்டினோம். சோற்றைத் தட்டில் போடாமல் பழைய துண்டில் சுருட்டி வைத்துத் தேடித் தின்ன விட்டோம். அதிலேயே பாதிச் சேட்டை குறைந்தது.

வாயில் இருப்பதைப் பிடுங்கப் போவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டியிருந்தது. துரத்தினால் அவனுக்கு ஓட்டப்பந்தயம். வாய்க்குள் கையை விட்டால் அவசரமாக முழுங்கிவிடுவான். பாதி ஆபரேஷன்கள் அப்படி முழுங்க வைத்ததால்தான் என்று டாக்டர் அலுத்துக்கொண்டார். அதனால் பண்டமாற்று. "குடு" என்று சொல்லி, மூக்குக்கு நேரே அவித்த கோழி ஈரலில் சுண்டுவிரல் நகம் அளவு துண்டை நீட்டுவேன். வாயில் இருப்பது விழும், ஈரல் போகும். ஆரம்பத்தில் மட்டைத் துணுக்கு, அப்புறம் காய்ந்த சருகு, அப்புறம் செருப்பு என்று படிப்படியாகப் பழக்கி, ரெண்டு மாசத்தில் ஈரல் இல்லாமலே வெறும் "குடு"வுக்குப் பாதித் தடவை போட்டுவிடுகிறான்.

மீதிப் பாதித் தடவையில்தான் அவன் வியாபாரி. கடையே இப்போது அவன் கையில். காலையில் காப்பித் தம்ளரோடு திண்ணையில் உட்காருவேன், ஒரு மட்டைத் துண்டைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பான். ஈரல் கொடுத்தால் போய் அடுத்ததைக் கொண்டுவருவான். கொடுக்காவிட்டால் சரக்கின் மதிப்பைக் கூட்டுவான்: மட்டை, பிறகு மாமியாரின் பூக்கூடை, பிறகு தலையணை உறை. நேற்று அவன் கொண்டுவந்து வைத்தது வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி. ஒரு கீறல் கிடையாது. கவனமாக, உதட்டால் மட்டும் கவ்விக் கொண்டுவந்திருக்கிறான்.

ரெண்டு துண்டு ஈரல் கொடுத்தேன்.